பூர்கோஞ் கால்வாய் வழியே சைக்கிளில்: மிஜேன் முதல் திஜோன் வரை முழுமையான வழிகாட்டி

பிரான்ஸின் பூர்கோஞ் பகுதியை பர்கண்டி என்று சொன்னால் பலருக்குத் தெரியும். அங்கே ஒரு கால்வாய்க் கரையைப் பிடித்துக்கொண்டு ஏழு நாள் சைக்கிள் ஓட்டினால், 13-ஆம் நூற்றாண்டு மருத்துவமனை, 12-ஆம் நூற்றாண்டுத் துறவிமடம், மதில் சூழ்ந்த மலையூர், குன்றின் மேல் ஒரு கோட்டை, கடைசியில் இந்தப் பகுதியை ஆண்ட டியூக்குகளின் தலைநகரான திஜோன் என்று ஒவ்வொன்றாக வரும்.

நான் பாரிஸில் வேலை பார்க்கிறேன். இந்த வழியில் மூன்று முறை போயிருக்கிறேன். அதில் இரண்டு முறை புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்கள் தடுமாறியதெல்லாம் சைக்கிள் மிதிப்பதில் இல்லை. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் தடுமாறினார்கள். அதனால் இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

1. வழியையும் திசையையும் முடிவு செய்யுங்கள்

பூர்கோஞ் கால்வாய் மொத்தம் 242 கி.மீ. யோன் ஆற்றங்கரையில் உள்ள மிஜேனில் தொடங்கி, சோன் ஆற்றங்கரையில் உள்ள சான்-ஜான்-த-லோனில் முடிகிறது. நமக்கு வேண்டியது மிஜேனிலிருந்து திஜோன் வரையிலான முதல் 212 கி.மீ. மட்டுமே.

மிஜேனிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அங்கே தரை கடல் மட்டத்திலிருந்து 80 மீட்டர் அளவில் இருக்கிறது. கால்வாயின் உச்சி பூயி என்ற ஊரில், 378 மீட்டரில். இந்த ஏற்றம் சுமார் 155 கி.மீ. நீளத்துக்குப் பரவிக் கிடப்பதால் கால்களுக்குத் தெரியவே தெரியாது. திஜோனிலிருந்து கிளம்பினால் ஊஷ் பள்ளத்தாக்கில் அறுபது கி.மீ.க்குள்ளேயே உச்சிக்கு ஏற வேண்டும். பழகாத கால்களுக்கு முதல் நாளே அது எதற்கு?

இன்னொரு காரணம் ரயில். மிஜேனிலிருந்து வெனாரே-லே-லோம் வரை பாரிஸ்–திஜோன் ரயில் பாதை கால்வாயை ஒட்டியே வருகிறது. சான்-ஃப்ளோரான்தான், தொனேர், மோன்பார், லே லோம் (வெனாரேக்கான நிலையம்) எல்லாவற்றிலும் ரயில் நிற்கும். முழங்கால் வலித்தாலும் மழை விடாமல் கொட்டினாலும் அடுத்த நிலையத்தில் ஏறிவிடலாம். உடம்பு பழகும் முதல் சில நாட்களில் இந்தத் தைரியம் ரொம்ப முக்கியம். எதிர்த் திசையில் வந்தால் ரயில் இல்லாத பகுதிதான் முதலில் வரும்.

2. கிழமையைப் பிடியுங்கள், பிறகு தேதியை

புதியவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. என்றுதான். கேட்க வேண்டிய கேள்வி, எந்தக் கதவு எப்போது திறந்திருக்கும் என்பது. ஞாயிறு மதியத்துக்கு மேலும் திங்கள் முழுக்கவும் சின்ன ஊர்களில் பெரும்பாலான கடைகள் மூடிக் கிடக்கும். திஜோனில் டியூக்குகளின் கல்லறைகள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. இவற்றையெல்லாம் காகிதத்தில் போட்டுப் பார்த்தால், சனிக்கிழமை கிளம்புவதுதான் சரியாக வருகிறது.

சனி: மிஜேன் – தொனேர், சுமார் 45 கி.மீ. ஞாயிறு: தொனேர் – மோன்பார், சுமார் 58 கி.மீ. திங்கள்: ஃபோன்தனே மடம், பிறகு வெனாரே. செவ்வாய்: வெனாரேயில் தங்கி ஒரு மலையூர். புதன்: வெனாரே – பூயி – வாந்தனெஸ், ஐம்பது கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. வியாழன்: வாந்தனெஸ் – திஜோன், ஏறக்குறைய அதே தூரம். வெள்ளி: திஜோன்.

ஃபோன்தனே மடம் எல்லா நாளும் திறந்திருப்பதால் திங்களை அதற்கு ஒதுக்கலாம். கடை மிகக் குறைவாக உள்ள மேல் பகுதி புதன்கிழமையில் விழுகிறது. திஜோன் வெள்ளியில் விழுகிறது. ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு மட்டும் அன்று காலை தொனேரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

மாதம் என்று பார்த்தால் மே நடு முதல் ஜூன் கடைசி வரை, இல்லையென்றால் செப்டம்பர். ஜூனில் இரவு ஒன்பதரைக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். மே மாதத்தில் 1-ஆம் தேதி, 8-ஆம் தேதி, இயேசு விண்ணேற்ற வியாழன் என்று அரசு விடுமுறைகள் அடுத்தடுத்து வரும். அந்த வாரங்களில் அறைகள் முன்கூட்டியே நிரம்பிவிடும்.

3. விசாவும் தங்குமிடமும்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. தங்குமிட ஆதாரமும் கேட்பார்கள்.

அதனால் முதலில் ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பிடியுங்கள், அடுத்து காப்பீடு, அதன்பின் விசா. ரயில் டிக்கெட் கடைசி. பணம் திரும்பாத டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு விசாவுக்குத் தவம் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தங்குவதற்கு மூன்று வகை உண்டு. வீட்டில் அறை கொடுத்துக் காலை உணவும் தருவதை ‘ஷாம்ப்ர் தோத்’ என்பார்கள். நடைப்பயணிகளும் சைக்கிள்காரர்களும் தங்கும் எளிய விடுதி ‘ஜீத் தேதாப்’. கூடாரம் போட ஊராட்சி நடத்தும் முகாம்கள் இருக்கின்றன. ‘அக்யோய் வேலோ’ என்ற முத்திரை ஒட்டிய இடமென்றால் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுதுபார்க்கக் கருவிகளும் இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள். வாந்தனெஸில் மட்டும் தங்குமிடம் மிகக் குறைவு, அதை முதலில் பதிவு செய்துவிட்டு மற்ற ஊர்களை அதற்கேற்ப அமைப்பது நல்லது.

4. சைக்கிளும் சுமையும்

கால்வாய்க் கரையில் சில இடங்களில் தார், சில இடங்களில் இறுகிய சரளை, சில இடங்களில் வெறும் மண். டயர் அகலம் 35 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 40 இருந்தால் இன்னும் நிம்மதி. ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயரோடு வந்த நண்பர் ஒருவருக்கு முதல் நாளே இரண்டு பஞ்சர். மழை பெய்தால் இந்தச் சுண்ணாம்பு மண் வெள்ளைச் சேறாகி மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். மட்கார்டு இடைவெளியைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கரை சமதளம்தான், ஆனால் நாம் பார்க்கப் போகிற மலையூரும் கோட்டையும் மேட்டில் இருக்கின்றன. கியரில் மிகச் சிறியது போதுமான அளவு சிறியதாக இருக்க வேண்டும். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக அமையும் கியர் ஒன்று இருந்தால் எல்லா ஏற்றத்தையும் உட்கார்ந்தபடியே ஏறிவிடலாம்.

சுமையை முதுகில் போடாதீர்கள். பின் கேரியரில் இருபுறமும் மாட்டும் பக்கப் பைகள் இரண்டு போதும். முன்னால் ஒரு சின்னப் பை, அதில் பாஸ்போர்ட், பணம், போன். சைக்கிளை விட்டு இறங்கும்போதெல்லாம் அந்த ஒரு பை உங்கள் தோளில் இருக்க வேண்டும்.

கருவிகளில் ட்யூப் இரண்டு, பஞ்சர் ஒட்டு, டயர் நெம்பு, பம்ப், செயின் கருவி, பிரேக் கட்டை ஒரு ஜோடி. பிரேக் கட்டையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஈரச் சரளையில் அது எதிர்பாராத வேகத்தில் தேயும். பிரான்ஸ் சைக்கிள்களில் மெல்லிய பிரெஸ்தா வால்வுதான் அதிகம், உங்கள் பம்ப் அதற்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே காற்றடித்துப் பாருங்கள்.

வாடகை சைக்கிள் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் சைக்கிளில் வலது கை பிரேக் முன் சக்கரத்துக்கு, பிரான்ஸில் இடது கை பிரேக் முன் சக்கரத்துக்கு. என் தங்கை வீட்டு மாப்பிள்ளை மதுரையிலிருந்து வந்திருந்தபோது, இறக்கத்தில் பின் பிரேக் என்று நினைத்து இடது கையை அழுத்திவிட்டார். கைப்பிடிக்கு மேலே போய் விழாதது அதிர்ஷ்டம். வாடகைக்கு எடுத்ததும் ஆள் இல்லாத தெருவில் அரை மணி நேரம் ஓட்டிக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

சட்டப்படி மணி, முன்னும் பின்னும் விளக்கு, பிரதிபலிப்பான்கள் இருக்க வேண்டும். ஊருக்கு வெளியே இரவிலும் மங்கலான வெளிச்சத்திலும் ஒளிரும் மேலங்கி கட்டாயம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டக் கூடாது. 12 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களும் போடுங்கள்.

5. ரயிலில் ஏற்றுவது

டி.ஜி.வி. அதிவேக ரயிலை இதற்கு எடுக்காதீர்கள். அதில் சைக்கிளைக் கழற்றிப் பையில் போட வேண்டும், அல்லது இடம் இருக்கும் வண்டியாகப் பார்த்து முன்பதிவு செய்ய வேண்டும். டி.இ.ஆர். என்ற வட்டார ரயிலில் சைக்கிளை அப்படியே உருட்டி ஏற்றலாம். இந்த வண்டிகள் பெரும்பாலும் பாரிஸின் பெர்சி நிலையத்திலிருந்து கிளம்புகின்றன, லியோன் நிலையத்திலிருந்து அல்ல. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தவறான நிலையத்தில் போய் நிற்பவர்கள் உண்டு. இறங்க வேண்டிய இடம் லாரோஷ்-மிஜேன்.

சைக்கிளுக்கான இடம் அளவானது. சனிக்கிழமை முதல் வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். பிளாட்பாரத்திலேயே பக்கப் பைகளைக் கழற்றி வைத்துவிட்டு, சைக்கிள் படம் ஒட்டிய கதவைத் தேடி நில்லுங்கள். பையோடு ஏற முயன்றால் கதவிலேயே சிக்கும், பின்னால் நிற்பவர்களும் நின்றுவிடுவார்கள்.

முந்தின நாள் பாரிஸில் இருப்பவர்கள் லா ஷப்பேல் பக்கம் தமிழ்க் கடைகளில் அவல், ஊறுகாய், பொரிகடலை வாங்கிக்கொள்ளலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு ஞாயிறு இரவும் புதன் மதியமும் இவை கைகொடுக்கும்.

6. கரையில் ஓட்டும் முறை

முதல் விதி, வலதுபுறம். கரையில் போகும்போது எல்லோருக்கும் நினைவிருக்கும். தவறு நடப்பது காலையில் விடுதி வாசலிலிருந்து தெருவில் இறங்கும் அந்த முதல் நிமிடத்திலும், பாலம் ஏறிச் சாலையில் திரும்பும்போதும்தான். எங்கள் கூட்டத்தில் முதலில் போகிறவர் ஒவ்வொரு திருப்பத்திலும் ‘வலது’ என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறோம். சின்ன ஊர்களுக்குள் பலகை ஏதும் இல்லையென்றால் வலப்பக்கத் தெருவிலிருந்து வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. அவர் நமக்காக நிற்க மாட்டார்.

இரண்டாவது, சைக்கிள் பாதை கால்வாயின் ஒரே கரையில் போகாது. சில பாலங்களில் மறுகரைக்கு மாறும். பேசிக்கொண்டே போய்ப் பலகையைத் தவறவிட்டால் சிறிது தூரத்தில் பாதை புல்லாகிவிடும். புல் முழங்கால் உயரம் வந்துவிட்டால் தொடராதீர்கள், முந்தைய பாலத்துக்கே திரும்புங்கள். அடுத்த பாலம் எவ்வளவு தூரத்தில் என்பது தெரியாது.

மூன்றாவது, போன் வரைபடம் பல இடங்களில் டி905 சாலைக்கு உங்களைத் தள்ளப் பார்க்கும். அந்தச் சாலை கால்வாய்க்கு இணையாக ஓடுகிறது, லாரிகள் வேகமாகப் போகும். ‘தெவியாசியோன்’ என்ற மஞ்சள் பலகை இருந்தால் மாற்றுப் பாதையைத் தொடருங்கள். ‘ரூத் பாரே’ என்றால் வழி அடைப்பு.

வழியை அளக்க என்னிடம் உள்ள சிறந்த கருவி லாக்குகள். படகைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் இந்தக் கதவுத் தொட்டிகள் கால்வாய் முழுக்க 189 இருக்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் லாக் காவலர் குடியிருந்த ஒரு சின்ன வீடு. அதன் சுவரில் ஒரு தகடு: லாக்கின் எண், மேலே அடுத்த லாக் எத்தனை மீட்டர், கீழே எத்தனை மீட்டர். எண் உச்சியிலிருந்து தொடங்குகிறது. யோன் பக்கத்துக்கு ‘ஒய்’ எழுத்து, சோன் பக்கத்துக்கு ‘எஸ்’. நாம் ஏறும்போது ‘ஒய்’ எண்கள் குறைந்துகொண்டே வரும். 40 என்று பார்த்தால் உச்சிக்கு இன்னும் நாற்பது படி என்று அர்த்தம். போனில் சார்ஜ் தீர்ந்துபோன ஒரு மாலையில் அந்தத் தகடுகளை மட்டும் படித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

7. தண்ணீரும் சாப்பாடும்

காலையில் பேக்கரி திறந்ததும் ரொட்டியும் மதியத்துக்கு வேண்டியதும் வாங்கிவிட்டுத்தான் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும். பன்னிரண்டரை மணி வாக்கில் கடைகள் மூடிவிடும், பல கடைகள் மூன்று மணிக்கு மேல்தான் திறக்கும். உணவகத்தில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள். ஒன்றே முக்காலுக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்துவிட்டோம் என்பார்கள். ‘ஃபெர்மே’ என்றால் மூடியிருக்கிறது, ‘கோம்ப்லே’ என்றால் இடமில்லை. இந்த இரண்டு பலகைகளையும் அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் கேள்வி, விலை எல்லாம். அந்த வணக்கம் இல்லாமல் நேராகக் கேட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். ஊருக்குள் போய் ‘தண்ணி எங்கே’ என்று முகம் பார்க்காமல் கேட்டால் நம் பாட்டி எப்படி எடுத்துக்கொள்வாரோ அப்படித்தான்.

தண்ணீருக்கு எல்லா ஊரிலும் ஓர் இடம் உண்டு: கல்லறைத் தோட்டம். பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காக அங்கே குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. அமைதியாகப் போய்ப் பிடித்துக்கொண்டு வாருங்கள். குழாயைச் சரியாக மூடுங்கள்.

சைவத்துக்குக் கஷ்டம்தான், முடியாதது இல்லை. ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, பழம், பேக்கரியில் கிடைக்கும் ‘குழேர்’ என்ற சீஸ் பன். சூப்பில் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். விடுதிச் சாப்பாட்டுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஏதாவது செய்து தருகிறார்கள்.

8. தொனேர்

இரண்டு இடம் போதும். ஒன்று, 1293-இல் மார்கரீத் த பூர்கோஞ் கட்டிய மருத்துவமனை மண்டபம். உள்ளே போனதும் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள்: கவிழ்த்த கப்பல் மாதிரி மர வேலைப்பாடு. நோயாளிகளின் கட்டில்கள் இருபுறச் சுவரோரமாக இருந்தன, படுத்தபடியே கோடியில் நடக்கும் பூசையைப் பார்க்கலாம். இரண்டு, ‘ஃபோஸ் தியோன்’ ஊற்று. பச்சை நீலத் தண்ணீரைச் சுற்றி 18-ஆம் நூற்றாண்டுத் துணி துவைக்கும் துறை. ஊற்று எப்போதும் திறந்திருக்கும், மண்டபம் மூடிவிடும். அதனால் மண்டபம் முதலில்.

மறுநாள் வழியில் தான்லே, ஆன்சி-லெ-ஃப்ரான் ஊர்களில் பெரிய மாளிகைகள் வரும். அவை மறுமலர்ச்சிக் காலத்தவை. 58 கி.மீ. நாளில் ஒன்றுக்கு மேல் நுழைந்தால் மோன்பார் போய்ச் சேர இருட்டிவிடும்.

9. ஃபோன்தனே மடம்

முழுப் பயணத்திலும் அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். புனித பெர்னார்ட் 1118-இல் நிறுவியது, எளிமையை விதியாகக் கொண்ட சிஸ்டர்சியன் சபைத் துறவிகளின் மடம். 1981-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. மோன்பாரிலிருந்து மார்மாஞ் ஊர் வழியாக சுமார் 6 கி.மீ. ஏற்றம் லேசானது.

முதலில் பக்கப் பைகளை மோன்பாரில் தங்கிய இடத்திலேயே விட அனுமதி கேளுங்கள். திரும்ப இதே வழியில்தான் வரப் போகிறோம். சுமையோடு போனால் உள்ளே இருக்கும்போது மனசு வாசலிலேயே நிற்கும்.

திறக்கும் நேரத்துக்கே வாசலில் இருங்கள். பேருந்துக் கூட்டம் வருவதற்கு முன் கோயிலுக்குள் நீங்கள் மட்டும் நிற்கும் கால் மணி நேரத்துக்காகத்தான் இவ்வளவு தூரம் வருகிறோம். கோயிலில் சிலைகள் அதிகமில்லை, வண்ணக் கண்ணாடி இல்லை. பெரும்பகுதித் தரை வெறும் மண். பழைய ஓடுகள் பீடத்தருகே மட்டும் மிச்சம் இருக்கின்றன. அந்த வெறுமைதான் அவர்கள் விரும்பிக் கட்டியது.

வலப்புறக் கோடியில் ஒரு கல் படிக்கட்டு மேலே போகிறது. அதன் மேல் துறவிகளின் படுக்கைக் கூடம். நள்ளிரவு வழிபாட்டுக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து நேராகக் கோயிலுக்குள் இறங்குவதற்காகவே அந்தப் படி. நான் முதல் முறை அதில் ஏறியபோது கைப்பக்கச் சுவரின் குளிர் உள்ளங்கையில் ஏறியது. அது ஜூன் மாதம். மேலே நீளமான ஒரே கூடம், 15-ஆம் நூற்றாண்டு ஓக் மரக் கூரை. எல்லோரும் உடுத்திய உடையோடு தரையில் வைக்கோல் பாயில் வரிசையாகப் படுத்தார்கள். சமையலறையை விட்டால் நெருப்பு எரிந்த அறை கீழே ஒன்றே ஒன்று. அந்த அறையையும் தேடிப் பாருங்கள், இரண்டையும் பார்த்தால்தான் அவர்கள் குளிர்காலம் புரியும்.

பலரும் நடைக்கூடத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஓடைப் பக்கம் இருக்கும் நீண்ட கட்டடம் பட்டறை. ஓடைத் தண்ணீரால் சுற்றும் சக்கரம் சம்மட்டியைத் தூக்கிப் போட, அங்கே இரும்பு அடித்தார்கள். பட்டறையை விட்டுவிட்டு வராதீர்கள். இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். மதியத்துக்கு மேல் மோன்பார் திரும்பிப் பைகளை எடுத்துக்கொண்டு வெனாரேக்கு 14 கி.மீ. ஓட்டினால் போதும்.

10. வெனாரேயில் ஒரு நாள், ஒரு முடிவு

செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு மலையூர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஃப்ளாவிஞி சுமார் 8 கி.மீ., கடைசிப் பகுதி நல்ல ஏற்றம். மதில் வாயில்கள், கல் பதித்த தெருக்கள், பழைய மடத்துக்குள் சோம்பு மிட்டாய் செய்யும் பட்டறை. செமூர்-ஆன்-ஒக்ஸுவா இன்னும் சற்றுத் தூரம். ஆற்று வளைவுக்கு மேலே பெரிய வட்டக் கோபுரங்கள், ஒன்றில் மேலிருந்து கீழே விரிசல். போன் ஜொலி பாலத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும்.

இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முயன்றவர்கள் இரண்டிலும் சைக்கிளை நிறுத்தி ஒரு படம் எடுத்தார்கள், அவ்வளவுதான். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றத்துக்குப் பயம் இல்லையென்றால் ஃப்ளாவிஞி என்பேன். அங்கே தெருவில் கார் சத்தம் கேட்காது.

அன்று மாலை ஒரு முடிவு எடுக்க வேண்டும். லே லோம் நிலையம்தான் கால்வாயோடு வரும் கடைசி ரயில் நிலையம். இதற்குப் பிறகு ரயில் பாதை விலகி மலைக்குள் போய்விடுகிறது. திஜோன் நெருங்கும் வரை திரும்பக் கிடைக்காது. முழங்கால், கை மணிக்கட்டு, சக்கரத்துக் கம்பிகள், பிரேக் நான்கையும் சோதித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் இங்கிருந்தே திஜோனுக்கு ரயில் ஏறிவிடுங்கள். மறுநாள் நடுவழியில் அந்த வாய்ப்பு இருக்காது.

11. உச்சி, பிறகு கோட்டை

புதன்கிழமை காலை இரண்டு நேரத்துக்கும் சாப்பாடு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வெனாரேயிலிருந்து பூயி வரை ஐம்பதுக்கும் மேற்பட்ட லாக்குகள். மாரிஞி பக்கம் அவை அவ்வளவு நெருக்கம், ஒன்றின் கதவருகே நின்றால் அடுத்தது தெரியும். ஒவ்வொரு லாக் பக்கத்திலும் பாதை சட்டென்று இரண்டு மூன்று மீட்டர் ஏறும். அங்கே முன்கூட்டியே கியரைக் குறையுங்கள். ஏறத் தொடங்கிய பிறகு மாற்றினால் செயின் கழன்றுகொள்ளும்.

பூயியில் கால்வாய் காணாமல் போய்விடும். 3,333 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் படகுகள் போகும், சைக்கிளுக்கு அனுமதி இல்லை. நாம் மேலே போக வேண்டும். வழியில் மரங்கள் சூழ்ந்த மண் மேடுகள் தெரியும். சுரங்கம் தோண்டியபோது மேலிருந்து இறக்கிய கிணறுகளின் அடையாளம் அவை. அவற்றைப் பார்த்துக்கொண்டு போனால் வழி தவறாது. மறுபக்கம் தண்ணீர் வெளியே வந்ததும் லாக் வீடுகளில் ‘எஸ்’ எழுத்து தொடங்கும். இனி எண்கள் ஏறும், பாதை இறங்கும்.

வாந்தனெஸ் வந்ததும் இடப்புறம் குன்றின் மேல் ஷாத்தோநெஃப் கோட்டை தெரியும். களைப்போடு நேராக ஏறிவிடாதீர்கள். முதலில் அறைக்கோ முகாமுக்கோ போய்ப் பைகளை இறக்குங்கள், தண்ணீர் குடியுங்கள், பிறகு ஏறுங்கள். சுமார் 2 கி.மீ.தான், ஆனால் செங்குத்து. தள்ளிக்கொண்டு போவதிலும் தப்பில்லை. 12-ஆம் நூற்றாண்டுக் கோபுரம்தான் இதன் ஆதி. கோயிலறையில், இந்தக் கோட்டையின் பிரபுவாக இருந்த ஃபிலிப் போ கல்லறையின் நகல் இருக்கிறது, கறுப்பு முக்காடிட்ட எட்டுப் பேர் உடலைத் தோளில் சுமந்து நிற்பார்கள். அசல் பாரிஸ் லூவ்ரில்.

உள்ளே போக நேரம் தவறிவிட்டால் வருந்த வேண்டாம். மதிலோரமாக நின்று கீழே பாருங்கள். நாம் ஓட்டி வந்த கால்வாய் மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளிக் கோடாகக் கிடக்கும். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வந்தால் சக்கர வளையம் சூடாகும்.

12. ஊஷ் பள்ளத்தாக்கு வழியே திஜோன்

வியாழன் முழுக்க இறக்கம், மரநிழல். போன்-தூஷ் என்ற இடத்தில் கால்வாய் ஓர் ஆற்றுக்கு மேலே பாலமாகக் கடக்கும். மதிய ஓய்வுக்கு நல்ல இடம். அதன் பிறகு ஓட்டம் எளிது, அதனால்தான் கவனம் குறையும். மாலையில் நடக்கவும் ஓடவும் வரும் மக்கள் ப்ளோம்பியேரிலிருந்தே கூடிவிடுவார்கள். மணி அடித்து, மெதுவாக, வலதுபுறம் போங்கள்.

கிர் ஏரியைத் தாண்டி ஊருக்குள் நுழையும் இடத்திலேயே ஷாம்மோல் மடம் இருந்த இடம் வரும். இப்போது அது மனநல மருத்துவமனை வளாகம். உள்ளே க்ளாவுஸ் ஸ்லூட்டர் செதுக்கிய ‘மோசேயின் கிணறு’: ஆறு தீர்க்கதரிசிகள் சுற்றி நிற்கும் கல் பீடம். ஊருக்குள் போய் அறை எடுத்துவிட்டுத் திரும்பி வரலாம் என்று விட்டால் யாரும் வருவதில்லை. திறந்திருந்தால் வழியிலேயே பார்த்துவிடுங்கள். நோயாளிகள் இருக்கும் இடம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சத்தமில்லாமல் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை சைக்கிளுக்கு ஓய்வு. டியூக் அரண்மனை அருங்காட்சியகத்தின் நிரந்தரக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. அங்கே டியூக் கல்லறைகளின் அடியில் அழுதுகொண்டு நடக்கும் சின்னச் சின்னத் துறவிச் சிற்பங்களைக் குனிந்து பாருங்கள், ஒவ்வொரு முக்காடும் ஒவ்வொரு விதம். 46 மீட்டர் உயர ஃபிலிப்-லெ-போன் கோபுரத்தில் 316 படி. வழிகாட்டியோடு மட்டும் ஏற விடுவார்கள், அதனால் காலையிலேயே நேரம் பதிவு செய்துவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். நோத்ர்-தாம் கோயிலின் பக்கச் சுவரில் தேய்ந்து போன சின்ன ஆந்தையை ஊர்க்காரர்கள் இடது கையால் தடவிவிட்டுப் போவார்கள்.

திரும்பும் ரயிலும் டி.இ.ஆர்.தான். வெள்ளி மாலை வண்டிகளில் வீடு திரும்புபவர்கள் கூட்டம் இருக்கும், சைக்கிள் இடம் முதலில் நிரம்பும். சனிக்கிழமை காலை வண்டியில் போவதாக வைத்துக்கொண்டு ஓர் இரவு கூடுதலாகத் தங்குங்கள்.